சாத்திய கதவும் சாத்திய மாலையும்

அறிஞர்கள் இறந்த பின்னர் அவர்களுக்கு மாலை சாத்துவதில் உலகத்தாருக்குள்ள ஆர்வம் பெரிது. அவ்வறிஞர்கள் உயிரோடிருந்தபோது அவர்கள் முகத்துக்கெதிரே சாத்தப்பட்ட கதவுகளைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. மாலையின் மணத்தில் கதவின் கதை மறைந்து விடுகிறது. மறைய வேண்டும் என்பதற்காகவே மாலை இத்தனை பெரிதாகக் கட்டப்படுகிறதோ என்று ஐயுறவும் சில வேளைகளில் இடமுண்டாகிறது.

எடித் ஸ்டைன் என்னும் ஜெர்மானியப் பெண்மணியாரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் யூத குலத்திற் பிறந்தவர். தத்துவ சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆராய்ந்து தெளிந்து கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். கன்னி மடத்திற் சேர்ந்த பின்னும் எழுதுகோலைக் கீழே வையாதவர். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி அவுஷ்விட்ஸ் கொலைக்களத்தில் நாஜிகளால் உயிர் பறிக்கப்பட்டவர். 1998-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி ரோமாபுரியில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதை என்று பிரகடனம் செய்தார். மறு ஆண்டில் ஐரோப்பாக் கண்டத்தின் காவற் புனிதையருள் ஒருவராகவும் அறிவித்தார். ஜெர்மனியில் அவர் பெயர் தாங்கிய பள்ளிக்கூடங்களும் தெருக்களும் பல.

நல்லது; மாலை சாத்துவோர் சாத்தட்டும். ஆயினும் அம்மாலைகளின் அடியில் ஒரு வழக்குத் தீர்க்கப்படாமற் கிடக்கிறது. சர்வகலாசாலையில் நின்று பாடஞ் சொல்லும் உரிமையை எடித் ஸ்டைன் 1919-இலும் கேட்டார், 1931-இலும் கேட்டார். ஜெர்மனியின் எந்தச் சர்வகலாசாலையும் அதனை அவருக்கு வழங்கவில்லை. ஏன் வழங்கவில்லை என்று வினவினால் மூவகை விடைகள் வருகின்றன. "அஃது அக்காலத்து வழக்கம்; யாரைக் குறை கூறுவது?" என்பார் ஒரு சாரார். "பேராசிரியர் பதவி போனால் என்ன? அதனினும் மேலான புனிதைப் பதவி வாய்த்ததே!" என்பார் மற்றொரு சாரார். மூன்றாஞ் சாரார் நம்மைப் போலச் சீர்திருத்தம் பேசுவோர், அவர்கள், "நல்ல மூளை, மடத்துக்குள் அடைபட்டு வீணாயிற்று" என்று கையை விரித்து விடுகிறார்கள்.

இம்மூன்று விடைகளும் பிழை என்பதே நம் கட்சி. வழக்கத்தின் மீதும் ஊழின் மீதும் அவருடைய துறவின் மீதும் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. அறிவை அளப்பதற்கென்று ஏற்பட்ட நிலையங்கள் அறிவை அளக்காமல் முதலில் உடலை அளந்தன. பின்னர்ப் பிறப்பை அளந்தன. இதுவே நடந்தது. நடந்ததை நடந்தபடியே எடுத்துரைப்போம். நேயர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

மர வியாபாரியின் மகள்

எடித் ஸ்டைன் 1891-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ந் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்த அந்நகரம் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் மர வியாபாரி. கடைக்குட்டியாகிய எடித்துக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே அவர் திடீரென மாண்டார். கைம்பெண்ணாகிய தாயார் அகுஸ்தா அம்மையார், கடன் சுமையோடு நின்ற வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்திக் கடனையும் தீர்த்தார். எழுவர் பிள்ளைகளையும் ஆளாக்கினார். மரக்கிடங்கில் நின்று கட்டைகளைத் தரம் பார்த்து விலை பேசிய அந்தத் தாயைக் கண்டு வளர்ந்த மகளுக்கு, "பெண்ணால் இது ஆகாது" என்னும் பேச்சு எப்படிக் காதில் ஏறும்?

தாயார் யூத சமய ஆசாரங்களில் மிக்க பற்றுடையவர். மகளோ பதினான்கு பதினைந்து வயதளவிலேயே பிரார்த்தனையைத் தாமாகவே விட்டுவிட்டார். தம் அறிவுக்கு உண்மையென்று படாத ஒன்றை உதட்டால் சொல்ல மனம் ஒப்பவில்லை. இடையில் பள்ளியை விட்டு நின்றார்; மீண்டும் சேர்ந்தார்; 1911-இல் பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறிப் பிரெஸ்லாவ் சர்வகலாசாலையில் இடம் பெற்றார். பிரஷிய நாட்டுச் சர்வகலாசாலைகள் மாதரை முறைப்படி மாணவராகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1908-ஆம் ஆண்டிலேதான். கதவு திறந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவியாயிருந்தபோதே பெண்களுக்கு வாக்குரிமை கோரும் சங்கத்திலும் அவர் அங்கத்தினரானார்.

மனோதத்துவம் படிக்கச் சென்றவருக்கு எட்முண்ட் ஹுஸ்ஸர்ல் எழுதிய தருக்க ஆராய்ச்சி நூல் கிடைத்தது. பினாமினாலஜி என்று மேனாட்டார் வழங்கும் தத்துவ முறையைத் தோற்றுவித்தவர் இந்த ஹுஸ்ஸர்ல். ஒரு பொருளைப் பற்றி முன்னோர் சொன்னதையும், நாம் ஏற்கனவே கொண்ட கொள்கையையும் ஒரு புறம் ஒதுக்கி வைத்துவிட்டு, அப்பொருள் நம் உணர்வில் எவ்வாறு தோன்றுகிறதோ அவ்வாறே அதனைக் கூர்ந்து நோக்கி உள்ளபடி விவரிக்க வேண்டும் என்பது அம்முறையின் சாரம். அந்நூலில் தோய்ந்த எடித், 1913-இல் பிரெஸ்லாவை விட்டு ஹுஸ்ஸர்ல் போதித்த கெட்டிங்கன் நகருக்கே சென்று சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு உலக யுத்தம் மூண்டது. 1915-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டராக மொரேவியாப் பிரதேசத்திலிருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்று, சன்னியும் பேதியும் கண்ட போர்வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். அப்பணி முடிந்ததும் ஆராய்ச்சியை மேற்கொண்டார். அதற்குள் ஹுஸ்ஸர்ல் பிரைபுர்க் சர்வகலாசாலைக்கு மாறியிருந்தார். அங்கே 1916-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பரீட்சகர்கள் எடித்துக்கு டாக்டர் பட்டம் அளித்தார்கள். பட்டத்தின் வகுப்புகளுள் அதியுயர்ந்த வகுப்பிலே அளித்தார்கள். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு.

பிறர் துயரை அறிவது எங்ஙனம்?

அவர் ஆராய்ந்த விஷயம் யாது? மாலை சாத்துவோருள் பலர் இதனைக் கேட்பதே இல்லை. நாம் கேட்போம்.

என் எதிரே ஒருவன் நிற்கிறான். அவன் தம்பி இறந்து போனான் என்று சொல்லுகிறான். அவன் துயரம் எனக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? "அவன் முகம் வாடியிருக்கிறது, என் முகம் வாடும்போது எனக்குத் துயரம் உண்டு, ஆகவே அவனுக்கும் துயரம் இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டா அறிகிறேன்? எடித் ஸ்டைன் அன்று என்கிறார். கணக்குப் போடுமுன்னரே அத்துயரம் அவன் முகத்திலே எனக்குத் தோன்றிவிடுகிறது. அப்படியானால் நானும் அவனும் ஒன்றாய்க் கரைந்து, அவன் துயரமே என் துயரமாகி விடுகிறதா? அதுவும் அன்று என்கிறார். துயரம் அவனுடையது, அதற்குச் சொந்தக்காரன் அவனே. அவன் அதனை அனுபவிப்பது போல நான் அனுபவிப்பதில்லை. இருந்தும் அஃது எனக்கு மறைவான பொருளுமன்று. பிறனைப் பிறனாகவே வைத்துக்கொண்டு அவன் அனுபவத்தை உணரும் இத்தனிப்பட்ட அறிவையே ஒத்துணர்வு என்று அவர் பிரித்துக் காட்டினார். பிறர் கண்ணால் நம்மைக் காணக் கற்கும்போதுதான் நாமும் நம்மை முழுதும் அறிகிறோம் என்று மேலும் ஒரு படி சென்றார்.

யுத்த ஆஸ்பத்திரியில் மொழி தெரியாத நோயாளிகளின் படுக்கையருகே நின்ற ஒருவருக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினாவாக இருந்திருக்க முடியாது. 1917-இல் அச்சான அந்த ஆராய்ச்சியைத் தத்துவ மாணவர் இன்றும் படிக்கிறார்கள். இவ்வாறு சிந்தித்தவரைத்தான் சர்வகலாசாலை தன் மேடையில் நிற்கத் தகாதவர் என்றது.

ஆசிரியரின் கைப்பிரதிகள்

பட்டம் பெற்ற எடித் ஹுஸ்ஸர்லின் உதவியாளராக அமர்ந்தார். ஹுஸ்ஸர்ல் தம் எண்ணங்களைச் சுருக்கெழுத்தில் தாள் தாளாக எழுதிக் குவிக்கும் பழக்கமுடையவர். அக்குவியலை வாசித்து, எடுத்தெழுதி, முன்பின் ஒழுங்கு செய்து, இடைவெளிகளை இணைத்து, நூல் வடிவுக்குக் கொண்டு வருவது உதவியாளரின் வேலை. புதிய மாணவர்களுக்கு ஆரம்பப் பாடம் நடத்துவதும் அவரே. தத்துவக் குழந்தைப் பள்ளி என்று அதனை அவர் வேடிக்கையாகக் குறிப்பிடுவதுண்டு. ஒழுங்கு செய்த பிரதியை ஆசிரியரிடம் கொடுத்தால், அவர் அதனைப் பாராமலே புதிய தாள்களை எழுதத் தொடங்கிவிடுவார். ஓர் அறிஞர் மற்றோர் அறிஞரோடு சேர்ந்து ஆராயலாம். தாள் அடுக்குவதே தொழிலாக எத்தனை காலம் இருப்பது? 1918-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எடித் அவ்வேலையை விட்டு நீங்கினார்.

அவர் உழைப்பின் பலன் என்னவாயிற்று? காலத்தை நம் உள்ளம் உணரும் விதம் பற்றிய ஹுஸ்ஸர்லின் விரிவுரைகளை எடித் ஒழுங்குபடுத்தியிருந்தார். அவை 1928-இல் நூலாக வெளிவந்தபோது பதிப்பாசிரியர் என்று முகப்பில் நின்ற பெயர் மார்ட்டின் ஹைடெக்கர். எடித்தின் பெயர் முன்னுரையில் சிறு குறிப்போடு நின்றது. எடித்துக்குப் பின் ஹுஸ்ஸர்லுக்கு உதவியாளரான அந்த ஹைடெக்கர் அதே 1928-இல் ஹுஸ்ஸர்ல் வகித்த பேராசிரியர் பீடத்திலேயே அமர்ந்தார். ஒரே ஆசிரியர், ஒரே உதவியாளர் வேலை. ஒருவருக்கு அது மாடி ஏறும் படியாயிற்று. மற்றவருக்கு வாயிற்படியோடு நின்றது.

சிபாரிசுக் கடிதம்

ஜெர்மனியில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டால் மட்டும் சர்வகலாசாலையில் பாடஞ் சொல்ல இயலாது. மற்றொரு பெரிய ஆராய்ச்சி நூலை எழுதி, பேராசிரியர் சபையின் முன் வைத்து, போதனாதிகாரம் பெற வேண்டும். அதனைப் பெற்றவரே நாளைக்குப் பேராசிரியர் ஆகலாம். ஆகவே எல்லாக் கதவுகளுக்கும் சாவி அந்தப் போதனாதிகாரமே.

1919-ஆம் ஆண்டை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். யுத்தம் முடிந்தது; கெய்சரின் ஆட்சி வீழ்ந்தது; குடியரசு பிறந்தது. அவ்வாண்டு ஜனவரியில் ஜெர்மானிய மாதர் முதன் முறையாக நாடு முழுதும் வாக்களித்தார்கள். அரசியற் சட்டம் இயற்றும் சபைக்கு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கப் பெண்ணின் அறிவு போதும் என்று நாடு ஒப்புக்கொண்டுவிட்டது.

பிப்ரவரி மாதத்தில் ஹுஸ்ஸர்ல் எடித்துக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தந்தார். சர்வகலாசாலைப் பதவி மாதருக்குத் திறக்கப்படுமாயின், போதனாதிகாரத்துக்கு முதன்மையாகவும் மனமுவந்தும் தாம் சிபாரிசு செய்யக்கூடியவர் இவரே என்பது அதன் கருத்து. எவ்வளவு அழகிய கடிதம்! ஆனால் 'திறக்கப்படுமாயின்' என்னும் அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். திறக்க வேண்டியவர் யார்? கதவின் உட்புறத்தில் நின்றவர் ஹுஸ்ஸர்ல் அல்லவா? தாம் போதித்த பிரைபுர்க் சர்வகலாசாலையிலேயே அவளுக்காக வாதாடி அக்கதவைத் தம் கையால் திறக்க அவர் முன்வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. அந்தக் கடிதமும் ஏட்டுச் சுரைக்காயாகவே முடிந்தது.

கடிதத்தோடு எடித் கெட்டிங்கனை அணுகினார். அவருடைய ஆராய்ச்சி நூல் நல்லதா, குறையுடையதா என்று அங்கே எவரும் பரிசீலனை செய்யவில்லை. பெண் என்ற காரணத்தால் விண்ணப்பம் வாயிலிலேயே திருப்பப்பட்டது. படித்துப் பார்த்துத் தள்ளியிருந்தால் அது பரீட்சை. படிக்காமலே தள்ளியதற்கு என்ன பெயர்? அந்நூல் பயனற்ற நூலா என்றால், ஹுஸ்ஸர்ல் நடத்திய ஆராய்ச்சி வெளியீட்டிலேயே 1922-இல் அது அச்சாயிற்று. அரசு என்பது யாது என்னும் மற்றோர் ஆராய்ச்சியும் 1925-இல் அதே வெளியீட்டில் வந்தது. அச்சிட அவர் எழுத்து ஆகும். வகுப்பறையில் ஒலிக்க அவர் குரல் ஆகாது!

"அக்காலத்து வழக்கம்" என்னும் முதற் சாராருக்கு இங்கே விடை சொல்லுவோம். அதே கெட்டிங்கன் சர்வகலாசாலையில் அதே 1919-ஆம் ஆண்டில் எம்மி நோதர் என்னும் பெண்மணிக்குக் கணித சாஸ்திரத்தில் போதனாதிகாரம் வழங்கப்பட்டது. அவருக்கும் அது எளிதில் வரவில்லை. 1915 முதல் தடை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர் நடத்திய வகுப்புகள் டேவிட் ஹில்பர்ட் பெயரால் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஹில்பர்ட் முதலான கணித அறிஞர்கள் கடிதம் எழுதியதோடு நிற்கவில்லை, சபையில் எழுந்து போராடினார்கள், விலக்குக் கேட்டார்கள், வென்றார்கள். வழக்கம் என்பது கல்லில் வெட்டிய எழுத்தாக இருந்திருந்தால் நோதருக்கு மட்டும் அது எப்படி அழிந்தது? அழிக்க ஆளிருந்த இடத்தில் அழிந்தது. ஆளில்லாத இடத்தில் நிலைத்தது. வழக்கத்தின் பேரால் தப்பிக்கொள்ளுவோர் இதற்கு மறுமொழி கூறட்டும்.

எடித் கண்ணீர் விட்டு உட்கார்ந்துவிடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிரஷிய அரசாங்கத்தின் கல்வி இலாகாவுக்கு முறையீடு எழுதினார். 1920-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 21-ந் தேதி உத்தரவு பிறந்தது: பெண்ணாயிருத்தல் போதனாதிகாரம் பெறுவதற்குத் தடையாகக் கருதப்படலாகாது. இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் எழுதுகோல் பெற்ற வெற்றி இது. ஜெர்மனியில் அதன் பின் சர்வகலாசாலை மேடை ஏறிய ஒவ்வொரு பெண்ணுக்கும் இவ்வுத்தரவு துணை நின்றது. எழுதிப் பெற்றவருக்கோ பயனில்லை. சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான் என்பார்கள். பெர்லினில் வரம் கிடைத்தது. சர்வகலாசாலைகளில் பூசாரிகள் அசையவில்லை.

மடம் புகலிடமா?

இனி மூன்றாஞ் சாராராகிய நம்மவர்களுக்கு விடை. தோல்வியால் மனமுடைந்து மதத்தில் போய் ஒளிந்தார் என்று இவர்கள் கதை கட்டுகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இக்கதை நிற்காது.

1917-இல் ஆசிரியரும் நண்பருமான அடால்ப் ரைனாக் யுத்தகளத்தில் மாண்டார். அவர் மனைவியாருக்கு ஆறுதல் கூறச் சென்ற எடித், அவ்வம்மையார் கிறிஸ்தவ நம்பிக்கையால் துயரத்தைத் தாங்கி நிற்கக் கண்டு வியந்தார். பல ஆண்டுகள் ஆராய்ச்சி. 1921-ஆம் ஆண்டு கோடையில் ஒரு தோழியின் வீட்டில் அவிலா தெரேசம்மாளின் சுய சரிதையை வாசித்தார். 1922-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஞானஸ்நானம் பெற்றார். சிறு வயதில் உண்மையென்று தோன்றாததைத் துணிந்து விட்டவர், முதிர்ந்த வயதில் உண்மையென்று தோன்றியதைத் துணிந்து ஏற்றார். அவர் ஏற்றதை நாமும் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அன்று விட்டதைப் பகுத்தறிவு என்று புகழ்ந்து, இன்று ஏற்றதை மதிமயக்கம் என்று இகழ்வது ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதாகும். விட்டதும் ஏற்றதும் ஒரே மனசாட்சி. தாயார் அழுதார், அந்த அழுகையையும் அவர் தாங்கிக்கொண்டார், தாயாருடன் யூத ஆலயத்துக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை.

அதன் பின் அவர் உலகை விட்டு ஓடினாரா? ஸ்பையர் நகரில் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிக் கழகத்திலும் 1923 முதல் 1931 வரை ஆசிரியையாக உழைத்தார். அவ்வேலையினூடே மத்திய காலத்துப் பெருந் தத்துவாசிரியராகிய தாமஸ் அக்வினாஸ் உண்மையைப் பற்றி லத்தீனில் எழுதிய பெரு நூலை ஜெர்மன் மொழியில் ஆக்கினார். அஃது எளிய மொழிபெயர்ப்பன்று. பழங் கிறிஸ்தவத் தத்துவத்தை ஹுஸ்ஸர்ல் மாணவர்க்கு விளங்கும் புதிய மொழியில் பேச வைத்த முயற்சி. ஊர் ஊராகச் சென்று பெண் கல்வி பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். 1930-இல் சால்ஸ்பர்க் நகரில் அறிஞர் கூட்டத்தின் முன், பெண்ணால் செய்ய இயலாத தொழில் என்று ஒன்று இல்லை என்று வாதித்தார். பெண்ணுக்கென்று தனி இயல்பு உண்டு என்று கொண்டவர்தாம் அவர். ஆனால் அவ்வியல்பைச் சமையலறைக்குப் பூட்டாக்க அவர் சம்மதிக்கவில்லை.

1931-இல் ஸ்பையர் வேலையை விட்டு, வலிமையும் செயலும் பற்றிய புதிய ஆராய்ச்சி நூலை எழுதிக்கொண்டு மீண்டும் போதனாதிகாரத்துக்கு முயன்றார். பிரைபுர்க்கில் ஹுஸ்ஸர்லின் பீடத்தில் அப்பொழுது ஹைடெக்கர் இருந்தார். நாட்டின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அம்முயற்சியும் பலிக்கவில்லை. அந்நூல் அச்சேறியது அவர் இறந்து ஐம்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1998-இல். 1932-இல் மூன்ஸ்டர் நகரிலிருந்த கத்தோலிக்கக் கல்வி ஆராய்ச்சிக் கழகம் ஒன்றில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. மேடை கிடைத்து ஓராண்டுதான் ஆயிற்று, ஹிட்லர் வந்தான்.

துறவு வாழ்வை அவர் ஞானஸ்நானம் பெற்ற நாள் முதலே விரும்பியிருந்தார் என்பதை மறைக்கத் தேவையில்லை. வெளியில் அவர் செய்து வந்த பணியை எண்ணி, ஞான ஆலோசகர்களே பதினோராண்டுக் காலம் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆகவே மடம் அவர் தேர்ந்துகொண்ட வாழ்வு; தோற்று ஓடிய மூலையன்று. மேலும், 1933-ஆம் ஆண்டு அக்டோபரில் கொலோன் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்த பின்னர்த்தான் அவருடைய தலைசிறந்த நூல் உருவாயிற்று. நிலையற்ற பொருள்களின் இருப்பிலிருந்து தொடங்கி நிலைபேறான இருப்பை நோக்கிச் செல்லும் அந்நூலின் பெயர் 'அந்தமுள்ள இருப்பும் அநாதி இருப்பும்' என்று தமிழில் சொல்லத் தக்கது. மூளையை அடைத்து வைத்த கட்டிடம் மடமா, சர்வகலாசாலையா?

பிறப்பை அளந்த கோல்

1933-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாஜி அரசாங்கம் யூதப் பிறப்பினரை அரசாங்க உத்தியோகங்களிலிருந்து நீக்கச் சட்டம் செய்தது. எடித்தின் விரிவுரைகளும் அவ்வேனிலோடு முடிந்தன. முன்னர்ப் பெண் என்று தள்ளிய உலகம் இப்பொழுது யூதர் என்று தள்ளிற்று. எம்மி நோதரும் அவ்வாண்டே நீக்கப்பட்டார். யூதராய்ப் பிறந்து இளமையிலேயே கிறிஸ்தவரான ஹுஸ்ஸர்லும் தப்பவில்லை. பிரைபுர்க் சர்வகலாசாலை அந்த முதியவரையும் விலக்கிற்று. அவ்வாண்டு அச்சர்வகலாசாலையின் தலைமைப் பதவி ஏற்று நாஜிக் கட்சியிலும் சேர்ந்தவர் யார்? ஹைடெக்கரே. போதனாதிகாரம் பெற எடித் தகுதியற்றவராம். தகுதி நிரம்பியவர் செய்த காரியம் இது!

எடித் மௌனமாயிருந்தாரா? அவ்வேப்ரலிலேயே பாப்பரசர் பதினோராம் பயஸுக்குக் கடிதம் எழுதினார். தன்னைக் கிறிஸ்தவம் என்று சொல்லிக்கொள்ளும் அரசாங்கம் யூதருக்குக் கொடுமை இழைக்கிறது. யூதர் மட்டுமன்றி ஆயிரக்கணக்கான கத்தோலிக்கரும் திருச்சபை குரல் எழுப்பும் என்று காத்திருக்கிறார்கள். மௌனம் நீடித்தால் அது திருச்சபைக்கே கேடாகும் என்பது அதன் கருத்து. அவருக்கும் குடும்பத்தாருக்கும் ஆசீர்வாதம் வந்தது. அவர் கேட்ட பகிரங்கக் குரல் அப்பொழுது வரவில்லை. நாஜிக் கொள்கைகளைக் கண்டித்துப் பாப்பரசரின் நிருபம் ஜெர்மானியத் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது 1937-ஆம் ஆண்டில். எடித்தின் கடிதமோ வத்திக்கான் தஸ்தாவேஜுகளில் எழுபது ஆண்டுகள் உறங்கி 2003-ஆம் ஆண்டில்தான் வெளிச்சம் கண்டது. 1998-இல் மாலை, 2003-இல் கடிதம். இவ்வரிசையை மட்டும் சுட்டிக்காட்டி மேலே செல்லுவோம்.

மடத்தில் எழுதி முடித்த பெருநூலையும் அவரால் அச்சிற் காண இயலவில்லை. யூதப் பிறப்பினர் எழுதிய நூலை வெளியிட நாஜிச் சட்டம் இடந்தரவில்லை. அது 1950-இல் வெளிவந்தது. ஆசிரியர் மாண்டு எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

1938-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவர் ஹாலந்து தேசத்து எக்ட் நகர மடத்துக்கு அனுப்பப்பட்டார். நாஜிப் படை அங்கும் வந்து சேர்ந்தது. 1942-ஆம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஹாலந்து மேற்றிராணிமார், யூதரை நாடு கடத்துவதைக் கண்டித்துத் தேவாலயங்களில் நிருபம் வாசிக்கச் செய்தார்கள். அதற்குப் பழி வாங்கவென்று, கத்தோலிக்கராகியிருந்த யூதர்களை ஆகஸ்டு 2-ந் தேதி பிடித்தார்கள். எடித்தையும் அவர் தமக்கை ரோசாவையும் மடத்திலிருந்து இழுத்துச் சென்றார்கள். ஏழு நாட்களில் எல்லாம் முடிந்தது. அவருக்கு வயது ஐம்பது.

அவர் யூதராகக் கொல்லப்பட்டாரா, கிறிஸ்தவராகக் கொல்லப்பட்டாரா என்று 1998-இல் யூதர் தரப்பில் ஆட்சேபணை எழுந்து வாதம் நடந்தது. மேற்றிராணிமாரின் நிருபத்துக்குப் பழியாகவே கைது நடந்தது என்பது உண்மை. ஆனால் யூதராய்ப் பிறவாத கன்னியர் எவரையும் அன்று எக்ட் மடத்திலிருந்து கொண்டு செல்லவில்லை என்பதும் உண்மை. கொலைஞர் கையிலிருந்த பட்டியல் பிறப்புப் பட்டியல். அவருடைய டாக்டர் பட்டமும் ஞானஸ்நானமும் துறவாடையும் அந்தப் பட்டியலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

கெட்டிங்கன் பேராசிரியர்களையும் அவுஷ்விட்ஸ் கொலைஞர்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் துணியோம், அஃது அநியாயம். ஒன்று அவமதிப்பு, மற்றொன்று படுகொலை. ஆனால் ஒன்று சொல்லுவோம். ஒரு மனிதர் என்ன அறிவார், என்ன செய்வார் என்று கேட்காமல், என்னவாகப் பிறந்தார் என்று கேட்பது கற்றோர் சபையிலேயே மரியாதையுள்ள வழக்கமாயிருந்தது. கற்றோர் அக்கோலை முறித்துப் போட்டிருந்தால், கொடியவன் வந்து அதனைக் கையிலெடுத்தபோது எதிர்த்து நிற்க அவர்களுக்கு வாய் இருந்திருக்கும். 1933-இல் ஜெர்மானியச் சர்வகலாசாலைகள் பெரும்பாலும் வாய் மூடி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் துணிபு.

எது மரியாதை?

எஞ்சி நிற்பவர் இரண்டாஞ் சாரார். "பதவி போனால் என்ன, புனிதைப் பட்டம் வந்ததே" என்போருக்குச் சொல்லுவது சுருக்கம். உயிரோடிருந்தபோது கஞ்சி வார்க்காதவன் திதியன்று பாயசம் படைப்பதை நாம் தர்மம் என்பதில்லை. எடித் கேட்டது பீடத்தில் வைத்துத் தூபம் காட்டும் மரியாதையன்று. மாணவர் முன் நின்று பாடஞ் சொல்லும் உரிமை. பின்னதை மறுத்த குற்றத்தை முன்னது துடைத்துவிடாது. சமயத்தார் தம் சமயப்படி அவரை வணங்குவதை நாம் தடுக்க வரவில்லை. வணக்கம் வழக்கை மூடிவிடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

அவருக்குச் செய்யத்தக்க மரியாதைகள் இரண்டு உண்டு. முதலாவது, அவர் எழுதியதைப் படித்தல். அவர் நூல்கள் ஜெர்மன் மொழியில் இருபத்தைந்துக்கு மேற்பட்ட தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டு வெளிவந்துள்ளன. படத்துக்கு மாலை சாத்தும் பதின்மரில் ஒருவர் அவற்றுள் ஒரு தொகுதியைப் பிரித்தாலும் போதும். தத்துவ வகுப்புகளில் அவர் பெயர் புனிதை என்னும் அடைமொழியின்றியே தலைநிமிர்ந்து நிற்கும்.

இரண்டாவது, கதவருகே நிற்போர் கடமை. ஹுஸ்ஸர்ல் கெட்டவரல்லர், எடித்தை மதித்தவர். ஆனால் மதிப்பைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் தொடாமல் இருந்துவிட்டார். இத்தகைய நல்லவர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் ஏராளம். தகுதியுடையவர் என்று வாயாரப் புகழ்வார்கள். காலம் வரட்டும் என்பார்கள். காலம் என்பது தாங்களே என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். நேயர்களே, உங்கள் வீட்டிலும் உங்கள் ஊர்ப் பள்ளியிலும் படிக்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்கும்போது, அவள் அறிவைப் புகழ்ந்து கடிதம் எழுத வேண்டாம். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குங்கள். எடித் ஸ்டைனுக்கு அந்த மாலை போதும்.